கரண்ட் போய் வந்தால் தானே சரிசெய்துகொள்ளும் கம்ப்யூட்டர்: ஐந்து வருட அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையின் ஃபைல் எல்லாம் மூலையில் ஓடும் உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் கரண்ட் வராவிட்டால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும்.

முன்பெல்லாம் காலையில் கடை திறக்கும் பையன் போன் செய்வான். "அண்ணே, கருப்பு ஸ்கிரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல வந்து நிக்குதுண்ணே." நான் பஸ்ஸில் நின்றபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன்: எஃப், எஸ், சி, கே, ஒரு இடம் விடு, சின்னக் கோடு, ஒய். டிஸ்கைச் சோதித்து, எல்லாப் பிழையையும் கேட்காமலே திருத்தச் சொல்லும் கட்டளை அது. வாசலில் நாலு பேர் ஆதார் நகல் எடுக்கக் காத்திருப்பார்கள்.

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான இஎக்ஸ்டி4-ல் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களின் குறிப்பேடு) இருப்பதால் பெரும்பாலும் சில வினாடியில் தானே சரியாகிவிடும். அதையும் மீறிய பிழை என்றால், எஃப்எஸ்சிகே ஆபத்தில்லாததை மட்டும் திருத்திவிட்டு, மற்றதை மனிதரிடம் கேட்டு நிற்கும். உபுண்டுவின் வழக்கமான அமைப்பு அதுதான். 2020-ல் கிரப் (கம்ப்யூட்டர் எழும்போது உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) அமைப்புக் கோப்பில், கேட்காமலே எல்லாவற்றையும் திருத்தச் சொல்லும் 'எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ்' என்பதைச் சேர்த்து, அந்த மாற்றம் நடைமுறைக்கு வர அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினேன். அதோடு காலை போன் நின்றது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்த பிறகு மெஷின் ஒழுங்காக எழுந்தது, ஆனால் இரண்டாவது ஹார்டு டிஸ்கில் எதையும் சேமிக்க முடியவில்லை. ஃபைல்களைப் படிக்க மட்டும் விட்டது. தேடினால், எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்குக்குரிய வரியின் கடைசி எண்ணை 0 என்று நானே போட்டிருக்கிறேன். 0 என்றால் அதைச் சோதிக்கவே சோதிக்காது. ரூட்டுக்கு (உபுண்டு இருக்கும் பகுதி) 1, மற்றவற்றுக்கு 2 என்று இருக்க வேண்டும். உங்கள் மெஷினிலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

2 என்று மாற்றி ரீபூட் செய்தேன். ரிப்பேரில் மீட்டதைப் போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் ஏழு ஃபைல்கள் வந்து கிடந்தன. பெயர் கிடையாது, # போட்டு வெறும் எண்கள். ஒன்றைத் திறந்தால் ராயபுரத்துக் கல்யாணப் பத்திரிகை. மணமகன் பெயர் வரை இருந்தது, மணமகள் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்துக் கொடுத்தோம். இந்த ரிப்பேர் டிஸ்கின் கட்டமைப்பைத்தான் நேராக்கும்; கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது போனால் போனதுதான். அதனால் தினமும் ராத்திரி தனி டிஸ்கில் ஒரு நகல் எடுக்கிறேன்.

டிஸ்கே சாகிற நிலையில் இருந்தால் இந்த அமைப்பை வைக்காதீர்கள். கெட்ட டிஸ்கில் தானே திருத்த விட்டால் மிச்சமும் கலைந்துபோகலாம். கரண்ட் ஒழுங்காக இருக்கும்போதே அடிக்கடி ரிப்பேர் ஓடுகிறது என்றால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையை வைத்து டிஸ்கின் நிலையைப் பாருங்கள். முதல் டிஸ்கை அப்படிப் பார்த்துத்தான் போன வருடம் மாற்றினேன்.

அப்புறம், முழுச் சோதனை ஓடினால் எங்கள் மெஷினுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. பையன் பொறுமையிழந்து சுவிட்சை அணைக்கப் பார்த்தான். இப்போது மானிட்டர் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "எழுத்து ஓடும்வரை கை வைக்காதே. டீ குடித்துவிட்டு வா."