காரைக்குடி ஆசாரி செய்து கொடுத்த புகாட்டி 100பி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிவிட்டு வரும்போது, பக்கத்துச் சந்தில் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை கண்ணில் பட்டது. செட்டிநாட்டு வீட்டுக் கதவு, நிலை, மரப்பெட்டி எல்லாம் பழுது பார்க்கிற இடம். புகாட்டி 100பி விமானத்தை மரத்தில் செய்து தர முடியுமா என்று கேட்டேன். ஆசாரி போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இறக்கை முன்னால சாஞ்சிருக்கே தம்பி, படத்தைத் திருப்பி எடுத்துட்டாங்களா?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே ஆள் சரியானவர் என்று தெரிந்துவிட்டது.

நிஜ விமானமும் மரம்தான், அதுவும் பாரிஸில் மேசை நாற்காலி செய்கிற பட்டறையில் உருவானது என்றதும் அட்வான்ஸ்கூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டார். கார் செய்த எத்தோரே புகாட்டிக்காக லூயி தெ மோன்ஜ் என்ற பொறியாளர் வரைந்த பந்தய விமானம் இது. 1939 செப்டம்பர் பந்தயத்துக்குள் முடிக்க முடியவில்லை, அப்புறம் போர் வந்துவிட்டது, ஜெர்மானியர் கையில் சிக்காமல் இருக்க ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஒளித்து வைத்தார்கள். கடைசி வரை அது பறக்கவே இல்லை. இப்போது அமெரிக்காவில் ஆஷ்கோஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே வடிவில் ஓக்லஹோமாவில் கட்டிய இன்னொன்று 2015இல் பறந்தது, மறு வருஷம் ஆகஸ்டில் விழுந்து, அதைக் கட்டிய குழுவின் தலைவரே இறந்துபோனார். இதைச் சொன்னபோது ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். பதினாறில் ஒரு பங்கு அளவு, அதாவது இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு அரை மீட்டர். உடம்பு தேக்கு. மூக்கிலிருந்து வால் வரை விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை, உப்புத்தாள் போட்டே நாலு நாள் ஆனதாம். வாலில் மூன்று துடுப்பு, அதன் முன்விளிம்பில் மெல்லிய வாய் வெட்டியிருக்கிறார். நிஜ விமானத்தில் இன்ஜினைக் குளிர்விக்கும் காற்று அந்த வாய் வழியாகத்தான் உள்ளே போய், முன்பக்கம் திரும்பி, ரேடியேட்டரைக் கடந்து, இறக்கையின் பின்விளிம்பில் வெளியேறும். 1938 காலத்தில் இப்படி யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

குறை ஒன்று உண்டு. விமானியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு இன்ஜின், அவற்றின் தண்டுகள் அவருக்கு இரு பக்கமும் ஓடி, மூக்கில் இரண்டு விசிறிகளை எதிரெதிராகச் சுற்ற வைக்கும். இதில் இரண்டு விசிறியையும் சேர்த்து ஒட்டிவிட்டார். எடுத்துப்போய்க் காட்டினேன், காசு வாங்காமல் பித்தளைக் கம்பி போட்டுத் தனித்தனியாகச் சுற்றுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்.

மொத்தம் 6,500 ரூபாய். ஒரு மாதம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆனது, கல்யாண சீசனில் போனால் இன்னும் இழுக்கும். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள், போன் படம் போதாது. 100பிதான் வேண்டும் என்றால் அட்டையில் வெட்டிய அச்சுகளைப் பரண் மேல் பத்திரமாக வைத்திருக்கிறார்.