எஸ்.இ.ஓ. செய்கிறோம் என்று 84,000 ரூபாய் வாங்கி, இருந்த வியாபாரத்தையும் கெடுத்துவிட்டார்கள்

84,000 ரூபாய். ஜனவரியில் 12,000, அப்புறம் பிப்ரவரி முதல் ஜூலை வரை மாதம் 12,000. எல்லாம் ஜிபே. ஒரு பில் கூட இல்லை. எஸ்.இ.ஓ. என்றால், கூகுளில் தேடும்போது நம் வெப்சைட்டை மேலே வர வைக்கிற வேலை.

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு மரச்செக்கு ஓடுகிறது. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய். சின்னதாக ஒரு வெப்சைட் வைத்து நாளைக்கு ஆறேழு ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்தோம். நல்லெண்ணெய் லிட்டருக்கு எங்களுக்கு லாபமாக நிற்பது நாற்பது ரூபாய். அந்தக் கணக்கில் 84,000 என்பது 2,100 லிட்டர்.

அந்த எஸ்.இ.ஓ. கம்பெனிப் பையன் போனில் பேசியதோடு நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நேரில் வந்தான். பாட்டிலில் எண்ணெய் பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூடி போட்டுக் கொடுத்தான். "எங்கம்மாவுக்கும் செக்கெண்ணெய்தாங்க்கா, பாக்கெட் எண்ணெய் வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்றான். ஊரில் மாடு இருக்கிறது என்று இரண்டு கிலோ எள்ளுப் புண்ணாக்கு கேட்டான், காசு வாங்காமல் கொடுத்தேன். அப்புறம் போனை எடுத்து, கூகுளில் எங்கள் கடைப் பெயரை அடித்துக் காட்டினான். முதலில் நாங்கள்தான் வந்தோம். "பேருக்கே இப்படின்னா, மரச்செக்கு எண்ணெய்னு அடிச்சாலும் மொத எடம் நீங்கதாங்க்கா. கேரண்டி." கடைப் பெயரை அடித்தால் கடைதானே வரும்! அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவே இல்லை. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்ங்க்கா" என்றதற்கும் தலையாட்டினேன். அந்தப் புத்தியை எங்கே போய் விற்றேனோ.

மாதா மாதம் ரிப்போர்ட் வந்தது. கலர் கலராகக் கோடு. "இருபது கீவேர்டில் முதலிடம்" என்று போட்டிருக்கும். கீவேர்ட் என்றால் கூகுளில் அடித்துத் தேடுகிற வார்த்தை. என்ன கீவேர்ட் தெரியுமா? 'காங்கேயம் மரச்செக்கு கடலையெண்ணெய் ஐந்து லிட்டர் கேன் ஆன்லைன்'. உலகத்தில் ஒருத்தரும் தேடாத வார்த்தையில் யார் வேண்டுமானாலும் முதலிடம் வரலாம். மாதம் மூவாயிரம் பேர் வந்து பார்க்கிறார்கள் என்றும் இருக்கும். ஆர்டர் மட்டும் அதே ஆறேழு.

ஜூன் நடுவில் அந்த ஆறேழும் நின்றது. இரண்டு நாளைக்கு ஒன்று வந்தால் அதிசயம். கேட்டேன். "கூகுள் அப்டேட் ஓடுதுங்க்கா, பத்து நாள்ல சரியாயிரும்." பத்து நாள் கழித்துக் கேட்டால், "டீம்ல கேட்டுச் சொல்றேன்ங்க்கா." ஜூலை கடைசியில், "ஆடி மாசம்ங்க்கா, யாரும் தேட மாட்டாங்க." ஆடியில் புடவை விற்கவில்லை என்றால் சரி, சமையலுக்கு எண்ணெய் கூடவா வாங்க மாட்டார்கள்? அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

என் நாத்தனார் மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் பார்த்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் நீங்க போட்டதா?" என்றான். எங்கள் வெப்சைட்டுக்குள் 412 பக்கம் புதிதாக இருக்கிறது. 'தாராபுரத்தில் மரச்செக்கு எண்ணெய்', 'உடுமலையில் மரச்செக்கு எண்ணெய்' என்று ஊர் பெயர் மட்டும் மாறி, மற்றதெல்லாம் அச்சு அசல் ஒரே வரி. முகப்புப் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூற்றுக்கணக்கான வார்த்தை. மவுஸால் இழுத்தால்தான் தெரிகிறது. போதாததற்கு, ஏதோ வெளிநாட்டுச் சூதாட்ட வெப்சைட்டுகளில் இருந்தெல்லாம் எங்களுக்கு லிங்க், கூகுளை ஏமாற்றி மேலே வர. எள் ஆட்டுகிறவர்களுக்கும் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதிரி கூகுளுக்காக மட்டும் போடுகிற வாசல் பக்கங்கள் வைத்ததற்காக 2006ல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ வெப்சைட்டையே கூகுள் தூக்கியதாம். லிங்க் வாங்கிப் போடுகிறவர்களைப் பிடிக்க 2012ல் பென்குயின் என்று தேடல் முறையிலேயே தனியாக ஒரு மாற்றம் கொண்டுவந்தார்களாம். இந்த ஏமாற்று அவ்வளவு பழசு. எனக்கு மட்டும் புதுசு.

இதைவிட வயிறு எரிந்தது வேறொன்று. நம் வெப்சைட் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டுகிற சர்ச் கன்சோல் கணக்கை எங்கள் பெயரில் திறக்காமல் அவர்கள் மெயிலில் திறந்திருக்கிறார்கள். டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, நல்லவேளையாக என் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் நாத்தனார் மகன் அதை வைத்து உள்ளே போனான். 'மேனுவல் ஆக்ஷன்' என்று சிவப்பில் இருக்கிறது. அதாவது கூகுள் கொடுத்த தண்டனை. கூகுளில் இருந்து வருகிறவர்களின் வரைபடத்தில் ஜூன் 11ஆம் தேதி கோடு செங்குத்தாக விழுந்திருக்கிறது. நோட்டீஸ் போனது அவர்கள் மெயிலுக்கு. தெரிந்துகொண்டே ஜூலை 1ஆம் தேதி என்னிடம் 12,000 வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். வேறொரு பெண் எடுத்தாள். "அவர் ரிலீவ் ஆயிட்டார் மேடம். ரெக்கவரி பேக்கேஜ் இருக்கு, 25,000 ஆகும்." அவர்கள் கெடுத்ததை அவர்களே சரிசெய்ய 25,000! போனை வைத்துவிட்டேன்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முதலிடம் கேரண்டி என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. டொமைனும் சர்ச் கன்சோலும் உங்கள் மெயிலில் இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியைப் போடுங்கள். நீங்கள் போடாத பக்கம் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பில் வாங்குங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம் என்றால் என் கையில் ஏழு ஜிபே ஸ்கிரீன்ஷாட் தவிர ஒன்றும் இல்லை.

நாத்தனார் மகன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து 130 பக்கம் அழித்திருக்கிறான். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகுதான் கூகுளுக்கு மறுபரிசீலனைக்கு எழுதிப் போட வேண்டுமாம். இன்னும் 282 இருக்கிறது. திங்கட்கிழமை அவனுக்குக் காலேஜ்.