வேர்ச் சொத்தையைத் தடுக்க: ஃபுளோரைடு பூச்சா, லேசரா?

ஈறு இறங்கி வெளித்தெரியும் பல்வேருக்கு எனாமல் கவசம் இல்லை. எனாமல் ஏறத்தாழ 5.5 பி.எச். அளவில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) கரையத் தொடங்கும் என்றால், வேரின் டென்டின் எனும் பல்திசு 6-க்கு மேலேயே, அதாவது அதைவிட லேசான அமிலத்திலேயே, கரையத் தொடங்கிவிடுகிறது.

மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பூசப்படும் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ், வேரின்மேல் ஒட்டிநின்று ஃபுளோரைடை மெல்ல வெளிவிட்டு, இழந்த தாதுக்கள் மீண்டும் படிய உதவுகிறது. வலியில்லை, சில நிமிட வேலைதான். ஆனால் மறுமுறை பூச மறந்தால் பயன் குறையும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் செல்லும் வழியே வேறு: அதன் கதிரைப் பல்லின் தாது உறிஞ்சிச் சூடாகும்போது, எளிதில் கரையும் கார்பனேட் வெளியேறுவதால், எஞ்சும் மேற்பரப்பு அமிலத்தை முன்னிலும் நன்றாகத் தாங்குகிறது. ஆற்றல் மிகுந்தால் வேரில் விரிசல் விழலாம், பல்லின் உள்ளே நரம்புள்ள பல்கூழும் சூடேறலாம். ஆய்வகச் சோதனைகள் நம்பிக்கையளித்தாலும், நோயாளிகளிடம் நீண்டகாலம் சோதித்த சான்று ஃபுளோரைடுக்கே அதிகம் என்பதால், லேசரை அதற்கு மாற்றாக அன்றி, அதனுடன் சேரும் துணையாகவே நான் கருதுவேன்.