களரியா, அடிமுறையா, கராத்தேயா: பிள்ளையை எதில் சேர்ப்பது?

தமிழக, கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் தமிழ் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. நம்ம ஊர் அடிமுறை, அதாவது கேரளப் பக்கம் தெக்கன் களரி என்பது, கூப்பிடு தூரத்தில் இருக்கும். வடகேரளப் பாணியான வடக்கன் களரிக்குத் திருவனந்தபுரம் வரை போக வேண்டியிருக்கலாம். கராத்தே வகுப்புக்குப் பஞ்சமே இல்லை.

மூன்றும் முதலில் சொல்லித்தருவது நிற்பதைத்தான். கராத்தேயில் ஜென்குட்சு தாச்சி என்றால் முன்முட்டி மடங்கி, பின்கால் நீண்டு நிற்கும். கிபா தாச்சி குதிரைமேல் உட்கார்ந்த நிலை. நிலை, அடி, தடுப்பு எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, பெல்ட்டுக்குப் பெல்ட் பரீட்சை உண்டு. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பெற்றோருக்குத் தெரியும். அந்தப் பெல்ட்டே குறியாகிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

வடக்கனில் கஜம், சிம்மம், அசுவம், வராகம், சர்ப்பம், மார்ஜாரம் (பூனை), குக்குடம் (சேவல்), மயூரம் (மயில்) என வழக்கமாக எட்டு வடிவுகள், அதாவது விலங்கு, பறவைகளைப் போன்ற நிலைகள். இடுப்பு தரையை நோக்கி இறங்க வேண்டும். முப்பது வயதில் தொடங்கினால் தொடை கதறும். முதலில் உடம்பைப் பழக்கும் மெய்ப்பயிற்று, பிறகு கம்பு பிடிக்கும் கோல்தாரி, வாள் போன்ற ஆயுதங்களுக்கான அங்கத்தாரி, கடைசியில்தான் வெறுங்கைச் சண்டை. யாரையாவது அடிக்கக் கற்க வந்த பையன் இதற்குள் பாதியில் ஓடிவிடுவான். ஓடாதவனின் உடம்பு வளைவதைப் பார்க்க வேண்டும்! கிழக்கு வாசல் வழியே வலதுகாலை வைத்து நுழைந்து, மண்ணைத் தொட்டு, தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை என்ற வழிபாட்டு மேடையை வணங்கிய பிறகே பயிற்சி. கராத்தேயிலும் வணக்கம் சொல்லித்தான் உள்ளே போவார்கள், ஆனால் இந்த அளவுக்குச் சடங்கு இல்லை.

அடிமுறை நேர் எதிர். வெறுங்கையே தொடக்கம். உடம்பு அவ்வளவு தாழாது. ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று காலடி வைத்து, நெருங்கி நின்று அடிக்கவும் தடுக்கவும் பழக்குவார்கள். வகுப்பு பெரும்பாலும் வெட்டவெளியில். ஆசான் தமிழிலேயே அதட்டுவார், சின்னப் பிள்ளைக்கு அது பெரிய சௌகரியம்.

என் கணக்கு இப்படி: பத்து வயதுக்குள், தினம் கூட்டிப்போக ஆள் இருந்தால் வடக்கன். போட்டி, சான்றிதழ் வேண்டுமென்றால் கராத்தே. மற்ற எல்லோருக்கும், பெரியவர்களுக்கும் சேர்த்து, அடிமுறை. சரி, உடம்பின் உயிர்நிலைகளைத் தாக்கும் வித்தையான வர்மம்? உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றத் தொடுவர்மம் 96, மொத்தம் 108 இடங்கள் என்பார்கள். நல்ல ஆசான் ஆளின் குணம் பார்த்து வருடக்கணக்கில் காக்க வைத்துத்தான் அதைத் திறப்பார். சேர்ந்த மாதமே வர்மம் சொல்லித்தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.