சேலம் தாண்டியதும் பொய்யாகிப்போன டிரிப் ஷீட்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாகக் காசு கொடுத்து ஒரு வண்டியில் பயணியாக உட்கார்ந்து, ஐந்து நாள் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். தர்மபுரியில் இருக்கும் ஒரு டிராவல்ஸில் டெம்போ டிராவலர் எடுத்தோம். பெயரைப் போடவில்லை. அந்த ஆபீஸ் பையன் காய்கறிக் கடையில் தினமும் என் எதிரில் வருகிறான்.

மாசி மகம் முடிந்த அடுத்த வாரம் கிளம்பினோம். ஆட்கள் பதினோரு பேர். நானும் வீட்டம்மாவும், மகன் குடும்பம், மகள் குடும்பம், காவேரிப்பட்டணத்துச் சம்பந்தி இரண்டு பேர், வீட்டம்மாவின் அக்கா. இந்த அக்கா என் பிள்ளைகளுக்குப் பெரியம்மா, வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியம்மாதான். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கடைசியாக ஒருமுறை ராமேஸ்வரத்தில் தீர்த்தம் ஆட வேண்டும் என்று அவர் சொன்னதில்தான் இந்தப் பயணமே ஆரம்பித்தது.

வாடகை கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஏசியோடு. ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் கணக்கு. டிரைவர் பேட்டா நாளைக்கு 600, இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் இன்னொரு 300. டோல், பார்க்கிங் எங்கள் தலையில். நம்ம பக்கத்தில் மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் கிட்டத்தட்ட இதே ரேட்தான். இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் கொடுத்த டிரிப் ஷீட். அழகாக டைப் அடித்து, கோபுரம் படம் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். அதில்தான் ஏமாந்தேன்.

ஷீட்டில் முதல் நாள் இப்படி இருந்தது: காலை 5.00 தர்மபுரி, 9.00 ஸ்ரீரங்கம், 10.30 புறப்பாடு, 12.00 தஞ்சைப் பெரிய கோயில், 2.30 தாராசுரம், 4.00 கும்பகோணம். தர்மபுரியிலிருந்து திருச்சி இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் நான்கு மணி நேரம் சரியான கணக்கு. ஷீட்டை வாங்கிய அன்றே தூரத்தையும் நேரத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, ‘பரவாயில்லை, விஷயம் தெரிந்த பையன்தான்’ என்று நினைத்தேன். பஸ்காரன் புத்தி அது. ரன்னிங் டைமை மட்டும் பார்த்தேன், ஹால்ட்டைப் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்பது பத்துக்கே போய்விட்டோம். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம், 236 அடி, பேரன் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தான். அதற்கு அப்புறம் ஏழு பிராகாரம் இருக்கிறது. பெரியம்மாவை வைத்துக்கொண்டு நடந்து, வரிசையில் நின்று, பெருமாளைச் சேவித்து, தாயார் சன்னதிக்கும் போய் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே கால். ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கம் பார்த்துவிடலாம் என்று எழுதியவன் அந்த ஊருக்குப் போனதே கிடையாது என்று அங்கேயே தெரிந்துபோனது.

டிரைவர் தம்பி பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், நாற்பது வயது இருக்கும். அதுவரை வாயே திறக்கவில்லை. வண்டியில் ஏறியதும் மெதுவாக, “அய்யா, இப்ப தஞ்சாவூர் போனா நடை சாத்தியிருக்கும். நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க” என்றார்.

“இத நேத்தே சொல்லக்கூடாதா தம்பி?”

“ஷீட்ட எங்கிட்ட காலையிலதான் குடுத்தாங்க அய்யா.”

இதுதான் இந்த டிராவல்ஸின் முதல் குறை. ஓட்டப்போகிறவரிடம் கேட்காமல், ஆபீஸில் உட்கார்ந்து போன் மேப்பைப் பார்த்து ஷீட் போடுகிறார்கள். சோழ நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையும் அப்படித்தான். கோயில் பயணத்துக்குப் பிளான் போடுகிறவன் முதலில் எழுத வேண்டியது இந்த மூன்றரை மணி நேரத்தைத்தான். கிலோமீட்டரை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

நாங்கள் கேட்கவில்லை, ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று போனோம். இரண்டு மணிக்குப் பெரிய கோயில். செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தால் கல் தரை தோசைக்கல் மாதிரி. மாப்பிள்ளை ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து நந்தி மண்டபத்து நிழலுக்கு ஓடியதைப் பார்த்துச் சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பு, அன்றைக்கு வசூலானது அது ஒன்றுதான். திரும்பி வந்து, மர நிழலில் வண்டியைப் போட்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றையும் நிப்பட்டையும் தின்றோம். பெரியம்மா கிருஷ்ணகிரி மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தார். தம்பி அப்போதுதான் சொன்னார், தாராசுரத்தையும் கும்பகோணத்தையும் இன்று விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடலாம் என்று. சரி என்றோம். நான்கரைக்கு உள்ளே போனபோது விமானத்தின் மேல் மஞ்சள் வெயில். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது, ஆயிரம் வருஷமாக நிற்கிறது. இரண்டு மணிக்குச் சுட்ட அதே கல்லில் பெரியம்மா கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்தான் கடலோரம். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி, அங்கிருந்து வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம். ஷீட்டில் மாலை ஆறு மணி என்று போட்டிருந்தது, நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்பதரை. இதில் ஷீட் மேல் பாதிக் குற்றம்தான், மீதி எங்கள் மேல். வேதாரண்யம் உப்பளத்தைப் பார்க்க நான்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நம்ம ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இந்த ஊர் வரைக்கும் தொண்டர்களோடு நடந்தே வந்து உப்பு எடுத்தார். ஏசி வண்டியில் இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்த மகனிடம் இதைச் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோராவிலும் கொஞ்ச நேரம். நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கடலைப் பார்த்துக் கட்டிய அடுக்குக் கோபுரம். எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே ஒரு கோபுரம்! தொண்டிப் பக்கம் மீன் வறுக்கும் வாசனை வந்தபோது மாப்பிள்ளை ஜன்னலைத் திறந்தார், மகள் மூடினாள். தீர்த்தம் ஆடும் வரைக்கும் கவுச்சி கிடையாது என்பது பெரியம்மா போட்ட சட்டம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைப் பார்த்து வழி நெடுகக் கடல் தெரியும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் சவுக்கு, தென்னை, சீமைக்கருவேல், இறால் பண்ணைதான். ரோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நல்ல சாப்பாட்டுக் கடைக்கும் பெண்கள் போகக்கூடிய கழிப்பறைக்கும் வெகுதூரம் போக வேண்டும். இதையும் எந்த ஷீட்டும் சொல்லாது.

வண்டியைப் பற்றி: இன்ஜின், டயர், பிரேக் எல்லாம் சுத்தம். ஸ்டெப்னியைக்கூடக் குனிந்து பார்த்தேன், பட்டன் தேயாத டயர். பின்னால் கடைசி வரிசையில் ஒரு புஷ்பேக் சீட் சாய்ந்தால் நிமிராது. நடுவில் ஏசி துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நேராகச் சம்பந்தியின் வழுக்கையில். முதல் நாள் துண்டு போட்டுக்கொண்டார், இரண்டாம் நாள் இடம் மாறினார், மூன்றாம் நாள் அந்தச் சீட்டில் பைகள் உட்கார்ந்தன. பதினோரு பேருக்கு அட்வான்ஸ் வாங்கும்போது இதைச் சொல்லியிருக்கலாம்.

ராமேஸ்வரம்தான் இந்தப் பயணத்தின் உயிர். முதல் நாள் இரவே தம்பி சொல்லிவிட்டார்: விடியக்காலையில் அக்னி தீர்த்தத்துக்குப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் வரிசையும் ஏறும், மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்று. ஐந்து மணிக்குக் கடலில் முழுகி, ஈரத்தோடு கோயிலுக்குள் போய், இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் சுற்றினோம். ஒவ்வொரு கிணற்றுமேட்டிலும் ஒருவர் வாளியைச் சரட்டென்று இறக்கி, ஏற்றி, நம் தலையில் கவிழ்க்கிறார். நான்காவது கிணற்றுக்குள்ளேயே பெரியம்மாவுக்குப் பல் கிட்டிவிட்டது. ‘போதும் வந்துடுங்க’ என்றால், “வந்தது எதுக்குடா?” என்றார். தரை முழுக்க வழுக்கல், மகனும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஈரத் துணியோடு மூலவர் சன்னதிக்கு விட மாட்டார்கள், மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பதினோரு பேரும் சொட்டச் சொட்ட வண்டிக்கு வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரசீதின் பின்பக்கம் ‘இருக்கை ஈரமானால் சுத்தம் செய்யும் கட்டணம் ₹1,000’ என்று அச்சடித்திருந்ததைப் படித்திருந்தேன். கதவைத் திறந்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் நீலத் தார்ப்பாய் வெட்டிப் போர்த்தியிருந்தது. பழைய லாரித் தார்ப்பாய்தான். ஆனால் சீட் அளவுக்குக் கத்தரித்து, ஓரத்தை மடித்துத் தைத்து, தலைப்பக்கம் கழுத்தில் மாட்ட நாடா வேறு. “வீட்ல சம்சாரம் தச்சுக் குடுத்துச்சு அய்யா. ராமேஸ்வரம் வண்டின்னா எடுத்து வச்சிருவேன்” என்றார். கீழே மிதியடிக்குப் பதில் கோணிச் சாக்கு. மேலே கேரியரில் ஒரு நைலான் கயிறு கட்டி வைத்திருந்தார். தனுஷ்கோடி போகிற வழியெல்லாம் எங்கள் வேட்டியும் புடவையும் கொடி மாதிரிப் பறந்து காய்ந்தன.

1964 டிசம்பர் புயலில் போன ஊர் தனுஷ்கோடி. இடிந்த சர்ச் சுவரும் ரயில்வே கட்டிடத்து மிச்சமும் நிற்கின்றன. 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, இரண்டு பக்கமும் கடல். மாலையில் அந்தப் பக்கம் வண்டி விட மாட்டார்கள், மூன்று மணிக்குள் போய் வந்துவிடுவது நல்லது. பாம்பனில், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், நடுப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுமாம். பேரனுக்காகக் காத்திருந்தோம், ஏறவில்லை. பக்கத்தில் 1914-ல் கட்டிய பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பிடித்தது. ரிட்டயர் ஆனவன் அல்லவா.

நான்காம் நாள் ஷீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “தம்பி, நீயே சொல்லு” என்றேன். அவர் போட்ட கணக்கு எளிமையானது. திருச்செந்தூரில் மதியம் நடை சாத்துவதில்லை, அதனால் மத்தியான நேரத்தை அந்தக் கோயிலுக்கு ஒதுக்கு. காலை ஆறுக்குக் கிளம்பி, ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகப் பதினொன்றே காலுக்குத் திருச்செந்தூர். மற்ற ஊரில் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் இங்கே முருகனைப் பார்த்தாயிற்று. கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காததை மருமகள் மூன்று முறை குடித்துப் பார்த்து உறுதி செய்தாள். ஐந்தே காலுக்குக் கன்னியாகுமரி.

ஷீட்டில் ‘5.00: படகில் விவேகானந்தர் பாறை’ என்று இருந்தது. படகு டிக்கெட் நான்கு மணியோடு சரி. தம்பி இதையும் முன்பே சொல்லியிருந்ததால் யாருக்கும் கோபம் வரவில்லை. மறுநாள் காலை எட்டு மணிப் படகில் போனோம். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், 2024 டிசம்பரில் திறந்தது. காலுக்குக் கீழே அலை அடிக்கிறது. முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டில் நின்ற நான் கைப்பிடியை விடவில்லை. முழங்கால் வலிக்காரப் பெரியம்மா நடுப்பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ம் நம்பர் ரோடு தர்மபுரி வழியாகத்தான் போகிறது. எங்கள் காலத்தில் அதற்கு ஏழாம் நம்பர். பதினொன்றரைக்கு ஏறினோம். சுசீந்திரத்தை விட்டுவிட்டோம், அதற்கும் நடை நேரம்தான் காரணம். மதுரை தாண்டி ஒரு கடையில் மாப்பிள்ளை தன் விரதத்தை முடித்துக்கொண்டார். தொப்பூர் ஏறும்போது இரவு பத்தே முக்கால்.

பில் வந்தபோது ஒரு சின்னச் சண்டை. கிலோமீட்டர் 1,642, அது சரி, என் டைரியிலும் அதுதான். ஆனால் டோலில் நான் எழுதி வைத்திருந்ததைவிட இரண்டு கூடுதல். ஊர் பெயரையும் மணியையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஆபீஸ் பையன், “சார் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கழித்தான். ஈரச் சீட்டுக் கட்டணம் போடவில்லை. தார்ப்பாய் யாருடையது என்று அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

மார்க் போடச் சொன்னால்: வண்டிக்கு ஏழு, ஷீட்டுக்கு இரண்டு, அதுவும் கோபுரம் படத்துக்கு. தம்பிக்கு ஒன்பதரை. ஐந்து நாளும் ஒரே கேசட் மாதிரி ஒரே இருபது பாட்டை ஓட்டியதற்கு அரை குறைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கும்பகோணம் பக்கம் விட்டுப்போனதைப் பார்க்க மறுபடியும் கேட்டிருக்கிறேன். அதே டிரைவர் வேண்டும் என்றதற்கு, யாரை அனுப்புவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றார்கள். ஷீட்டை இந்த முறை நானே கையால் எழுதுகிறேன், இடது பக்கம் நடை திறக்கும் நேரம், வலது பக்கம் சாத்தும் நேரம். முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒரு போன் போட்டேன்.