“தை மாச மெனு”ன்னு நம்பி 16,170 ரூபாய் விட்டேன், நீங்களாவது உஷாரா இருங்க

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்னைக்கு செவ்வாய், இன்னும் ஆறல. கடைசியில நீங்க கவனிக்க வேண்டியதை எல்லாம் வரிசையா போடறேன், முழுசா படிங்க.

இடம் சென்னை. பேர் வேண்டாம். விவசாயிங்ககிட்ட நேரா வாங்கி, அந்தந்த மாசம் விளையறதை மட்டும் வச்சு “மாடர்ன் இந்தியன்” சாப்பாடு போடறோம்னு சொல்ற ரக ரெஸ்டாரண்ட். நாம எதையும் ஆர்டர் பண்ண முடியாது. அவங்க கொண்டு வர்ற ஏழு ஐட்டம்தான். தலைக்கு 3,500.

அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள். அப்பா கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கிறவர். “விவசாயிக்கு மரியாதை குடுக்கிற கடைப்பா, வாங்க”ன்னு வற்புறுத்தி ஊர்லேர்ந்து வரவழைச்சது நான்தான். அதான் வயித்தெரிச்சல்.

போன்ல புக் பண்ணும்போதே 7,000 ஜிபே பண்ணச் சொன்னாங்க, கேன்சல் பண்ணா திரும்பாது. இப்ப என்ன விசேஷம்னு கேட்டேன். “தை மாச மெனு சார், காலையில தோட்டத்துல பறிச்சதுதான் ராத்திரி உங்க தட்டுல இருக்கும்”னு அந்தப் பொண்ணு சொன்ன விதத்துல விழுந்துட்டேன். தைன்னா எங்க ஊர்ல அவரைக்கொட்டைக் குழம்பும் ராகிக் களியும். அதை ஏதோ புதுசா பண்ணித் தரப் போறாங்கன்னு அப்பாகிட்டயும் சொல்லி வச்சேன்.

வாசல்ல ஒரு கரும்பலகை. எந்தக் காய் எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்தாங்க. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒண்ணொண்ணா படிச்சார். அம்மாவைக் கூப்பிட்டு, “பாரு, ஊர் பேரெல்லாம் போட்டிருக்கான்”னார். அந்த முகத்தை நினைச்சாதான் எனக்குத் தூக்கம் வரல.

உட்கார்ந்ததும் ஒரு பையன் பித்தளைத் தாம்பாளத்துல சிறுகிழங்கு, அவரைக்காய், இலையோட மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு எல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்தான். “இன்னைக்கு இதுதான் ஐயா உங்களுக்கு.” மஞ்சள் இலை வாடியிருக்குன்னு அம்மா அப்பவே முணுமுணுத்தாங்க. நான் கேக்கல. கொஞ்ச நேரத்துல அதே தாம்பாளம் பக்கத்து டேபிளுக்குப் போச்சு, அப்புறம் அதுக்கடுத்த டேபிளுக்கு. அதுல இருந்த ஒரு காய்கூட எங்க தட்டுக்கு வரல. வந்தது ஃப்ரோசன் பட்டாணியை அரைச்ச பச்சைக் களிம்பு, சுக்கினி வறுவல், அவகாடோ வச்ச பானிபூரி.

அஞ்சாவதா ஒரு சின்னக் கிண்ணம். “ஸ்ரீரங்கத்து இமாம் பசந்த் மாம்பழம் ஐயா, ரசம் மாதிரி குடிக்கணும்.” ஜனவரியில!

அப்பா ஒரு ஸ்பூன் வாயில வச்சார். ஸ்பூனைக் கீழ வச்சுட்டு, சத்தம் போடாம சொன்னார்: “தம்பி, இமாம் பசந்த் வைகாசி, ஆனியில வர்ற பழம். தையில மரம் பூத்து நிக்கும். கன்னியாகுமரி பக்கம் பருவம் தப்பிக் காய்க்கும், அது வேற. இது டின்ல வர்ற பெங்களூரா மாங்கூழு.”

அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் கூழ் ஃபேக்டரிக்கு அவர் லோடு அனுப்புறதே பெங்களூராதான். போன சீசன்ல கிலோ 5 ரூபாய்க்குக் குடுத்துட்டு, பறிப்புக் கூலிகூடக் கட்டலன்னு வந்து உட்கார்ந்தவர்.

பையன் “அது செஃப் கான்செப்ட் ஐயா”ன்னுட்டு நழுவிட்டான். மேனேஜர் வந்தார். முதல்ல, சீசன்ல வாங்கி ஸ்டோர் பண்ணதுன்னார். எந்தத் தோட்டம், பில்லைக் காட்டுங்கன்னேன். அது கான்ஃபிடென்ஷியலாம். வாசல்ல பலகை மாட்டி வச்சிருக்கிற விஷயம் எப்படிங்க கான்ஃபிடென்ஷியல்? விடாம கேட்டதும் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார் பாருங்க: “டின் பல்ப்னே வச்சுக்கோங்க சார், கிருஷ்ணகிரி லோக்கல்தானே?”

பில்லு: நாலு பேருக்கு 14,000, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 1,400, அதுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 770. மொத்தம் 16,170. சர்வீஸ் சார்ஜை எடுங்கன்னா “சிஸ்டத்துல எடுக்க வராது சார்.” அப்பா என் கையைப் பிடிச்சு, “விடுடா, நல்ல நாளும் அதுவுமா”ன்னார். அட்வான்ஸ் போக மீதி 9,170 கட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பதினொன்றரை மணிக்கு அம்மா ரவா உப்புமா கிண்டினாங்க. 16,170 ரூபாய்க்குச் சாப்பிட்டுட்டு உப்புமா!

ஞாயித்துக்கிழமை மூணு தடவை போன் பண்ணேன். செஃப் ஊர்ல இல்ல, மேனேஜர் மீட்டிங்ல இருக்கார், லைன் கட். வாட்ஸ்அப்ல நீட்டா எழுதி அனுப்பினேன், ரெண்டு நீல டிக், பதில் இல்ல. நேத்து சாயங்காலம் வந்தது: “சீசனல் என்பது பருவத்தின் உணர்வைக் குறிக்கும்.” கூடவே 500 ரூபாய் கூப்பன், வார நாள் மதியம் மட்டும், 5,000-க்கு மேல சாப்பிட்டா. 16,170 போனவன்கிட்ட இன்னொரு 5,000 கேக்கறாங்க.

சரி, கவனிக்க வேண்டியது. விளக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப கையே ஓடல. போறதுக்கு முன்னாடி என்னென்ன காய், பழம்னு மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். தையில மாம்பழம்னு இருந்தா புக் பண்ணாதீங்க. மொத்த அட்வான்ஸ் போடாதீங்க. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கிடையாது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லயே சொல்லிடுச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சுல அதை உறுதி பண்ணிடுச்சு. நான் ஏமாந்த மாதிரி “சிஸ்டம்”னு சொன்னா நம்பாதீங்க. பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்னைக்குக் காலையில கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிருக்கேன். பதில் வந்தா இங்கேயே கீழ போடறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல, திட்டுவார்.