பியூஸ் பாக்ஸ் மாற்றினார்கள், கவுன்சிலுக்குத் தகவல் போகவில்லை: இங்கிலாந்து ஃபிளாட்காரர்களுக்கு எச்சரிக்கை

இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று. பழைய பிளாஸ்டிக் பியூஸ் பாக்ஸை எடுத்துப் புதியது வைக்க வேண்டும், குளியலறையில் 9.5 கிலோவாட் மின்சார ஷவர் மாட்ட வேண்டும். தெரிந்தவர் மூலம் வந்த ஆள் ரொக்கமாகத் தந்தால் குறைத்துச் செய்வதாகச் சொன்னார். "அண்ணை, ஃபிளாட்டுக்குள்ள செய்யிற வேலைக்கு ஒருத்தருக்கும் அறிவிக்கத் தேவையில்லை" என்றும் சொன்னார். முடிவில் ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து வீட்டை விற்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1.1.2005-க்குப் பிறகு நடந்த மின்வேலைக்குச் சான்று எங்கே என்று விற்பனைப் படிவமே கேட்கிறது. வந்தவரின் போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

அவர் சொன்னது பொய். இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைக்கான பார்ட் பி என்னும் கட்டட விதி 2005-இல் வந்தது. 2013 ஏப்ரலில் அதைச் சுருக்கினார்கள். இன்று கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிப் பிரிவு) வரை அறிவிக்க வேண்டியவை மூன்று: பியூஸ் பாக்ஸிலிருந்து புதிய சர்க்யூட் (தனி மின்வழி) இழுப்பது, பியூஸ் பாக்ஸை மாற்றுவது, குளியல் தொட்டி அல்லது ஷவரைச் சுற்றிய பகுதியில் இருக்கும் சர்க்யூட்டில் ஏதாவது சேர்ப்பது அல்லது மாற்றுவது. அந்தப் பகுதி தொட்டி விளிம்பிலிருந்து 60 செ.மீ. தூரம், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம். ஷவர் தலை அதைவிட மேலே இருந்தால் அதுவரை. நீச்சல் குளம், சோனா உள்ள அறைகளுக்கும் இது பொருந்தும். ஃபிளாட் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது. மாடிப்படி, நடைபாதை, பொதுச் சலவை அறை ஆகியவையும் இதற்குள் அடங்கும். லிஃப்டுக்குப் போகும் சப்ளை மட்டும் வெளியே. வேல்ஸில் விதி வேறு, அங்கே சமையலறை வேலையும் கணக்கில் வரும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் நடக்கிறது. பழைய சாக்கெட், சுவிட்ச், விளக்கை அதே இடத்தில் மாற்றுவதற்கும், ஹாலில் இருக்கும் சர்க்யூட்டில் ஒரு சாக்கெட் சேர்ப்பதற்கும் அறிவிப்பு தேவையில்லை. அதற்கு "கவுன்சில் ஃபீஸ்" என்று நூற்றுக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை மட்டும் பி.எஸ். 7671 என்னும் பிரிட்டிஷ் வயரிங் தரப்படி இருக்க வேண்டும், சாக்கெட் சேர்த்தால் சிறு வேலைக்கான மைனர் வொர்க்ஸ் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஷவருக்கு வருவோம். முன்பு இருந்தது 7 கிலோவாட். அதன் 6 சதுர மி.மீ. கேபிளை அப்படியே விட்டுவிட்டு, புதிய பாக்ஸிலும் அதே 32 ஆம்பியர் அளவு பிரேக்கரையே வைத்து 9.5-ஐ மாட்டிவிட்டார். அது இழுப்பது ஏறக்குறைய 40 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய அளவு சுமார் 46 ஆம்பியர். பத்து நிமிடக் குளியலில் 40-க்கு அது விழப்போவதில்லை. கூரைக்கு மேலே வெப்பக் காப்புப் பஞ்சுக்குள் புதைந்து போகும் அந்தக் கேபிளோ 30 ஆம்பியரைக்கூடத் தாங்காது. முதலில் காட்டிக்கொடுப்பது கயிறு இழுக்கும் சுவிட்ச்தான்: மூடி பழுப்பாகும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அதைக் கண்டால் அன்றே ஷவரை நிறுத்துங்கள். இந்த அளவு ஷவருக்குப் பொதுவாக 10 சதுர மி.மீ. கேபிள் வேண்டும், அதுவும் போகும் வழியைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகு.

முடிவில் அவர் கொடுத்த தாள் எது? இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட். அது எலக்ட்ரீஷியன் தானே எழுதுவது. கவுன்சிலுக்கு அறிவித்ததற்கு அடையாளம் பில்டிங் ரெகுலேஷன்ஸ் கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் என்ற தனித் தாள், வேலை முடிந்து 30 நாளுக்குள் வர வேண்டும். இரண்டும் கையில் இருக்க வேண்டும். அதனுடன் வரும் பரிசோதனைப் பட்டியலையும் பாருங்கள். எல்லா சர்க்யூட்டுக்கும் எர்த் லூப் அளவு (பழுதானால் மின்சாரம் எர்த் வழியே திரும்பும் பாதையின் தடை) ஒரே எண்ணாக, 0.35 என்றே எழுதியிருந்தால் சோதனை மீட்டரையே வைக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்து அறை சாக்கெட்டுக்கும் கடைசி அறை விளக்குக்கும் அது ஒன்றாக வராது.

அறிவிப்புக்கு வழி மூன்று. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற எலக்ட்ரீஷியன் பதிவுத் திட்டத்தில் உள்ளவர் தானே அறிவிப்பார். இதுதான் மலிவு, அறிவிப்புக் கட்டணம் சில பவுண்டுகளே. பதிவில்லாதவர் என்றால், வேலை தொடங்கும் முன்பே அங்கீகரிக்கப்பட்ட சான்றாளரை அமர்த்த வேண்டும், அல்லது பில்டிங் கன்ட்ரோலுக்கு எழுத வேண்டும். "முடிச்சிட்டுக் கூட்டாளியிட்ட கையெழுத்து வாங்கித் தாறன்" என்பது செல்லாது. முன்பணம் தரும் முன் திட்டத்தின் இணையதளத்தில் கம்பெனிப் பெயரைத் தேடுங்கள். பில்லில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஃபிளாட்டில் இன்னும் சில உண்டு. பொது நடைபாதையில் உள்ள மீட்டர் அலமாரி உங்களுடையது அல்ல, லீஸைப் படித்து ஃப்ரீஹோல்டரிடம் (முழுக் கட்டடத்தின் சொந்தக்காரர்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மெயின் பியூஸில் மின் நிறுவனம் வைத்த சீலை உடைக்கும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பொதுச் சுவரில் கேபிளுக்குத் துளை போட்டால் தீ தாண்டாதபடி அதை அடைத்தாக வேண்டும், இதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். 18 மீட்டர் உயரமோ ஏழு தளமோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபர் முதல் பில்டிங் கன்ட்ரோல் கவுன்சில் அல்ல, பில்டிங் சேஃப்டி ரெகுலேட்டர். அப்படிப்பட்ட உயரக் கட்டடங்களில் புதிய சாக்கெட் சர்க்யூட்டுக்கு ஏ.எஃப்.டி.டி. என்னும் தீப்பொறி காப்புக் கருவியும் பி.எஸ். 7671-இன் 2022 திருத்தத்தின்படி வேண்டும். விலைப்பட்டியலில் அது இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் பதிவுள்ள வேறொருவரை வைத்து ஈ.ஐ.சி.ஆர். (வீட்டு மின் அமைப்பின் நிலை அறிக்கை) சோதனை செய்யுங்கள். அது பாதுகாப்பைச் சொல்லும், அறிவிப்புக்கு ஈடாகாது. பிறகு கவுன்சிலில் ரெகுலரைசேஷனுக்கு, அதாவது முடிந்த வேலைக்குப் பின்னர் பெறும் ஒப்புதலுக்கு, விண்ணப்பிக்கலாம். சுவரைத் திறந்து காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும். விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும் காலவரம்பு முன்பு ஒரு வருடமாக இருந்தது, 2023-இல் பத்து வருடமாக்கிவிட்டார்கள். அந்த நோட்டீஸ் வருவது ஃபிளாட் உரிமையாளர் பெயருக்கு.